வாத்து கேட்ட கேள்வி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். நீ, அத்தான், மிளகு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? மிளகுக்கு முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறதா?

போனில் நீ கேட்டதற்கெல்லாம் "ம்", "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அலுவலகம் என்றால் மாடியில் நீளமான ஒரே அறை. கீழே அச்சகம். அது ஓட ஆரம்பித்தால் மேஜைமேல் தண்ணீர் டம்ளர் தானாக நகர்கிறது. சுவரோரம் கொடி கட்டி, கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாலு பேர் வேனில் பள்ளி பள்ளியாகப் போய், கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று கதையும் பாட்டுமாக ஆட்டிக் காட்டுவார்கள். கை கழுவுவது, சாலையைக் கடப்பது, பெருக்கல் வாய்ப்பாடு எல்லாம் பொம்மைதான் சொல்லிக்கொடுக்கும். பொம்மை பேசுவதை எழுதித் தருவது என் வேலை.

முதல் நாள் உள்ளே வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை. பொம்மை தைக்கும் அக்கா மட்டும் ஊசியில் நூல் கோத்தபடியே, "கொடியில தொங்குறதுங்ககூட உன்னைவிடச் சத்தமா பேசும்மா" என்றார்.

இங்கே எல்லோரையும் நடத்துகிற மேடம், பிள்ளைகள் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும் என்கிறார். எனக்குத் தெரிந்த ஒரே பிள்ளை மிளகுதான். அவள் சொல்வதை எல்லாம் எழுதி அனுப்பு அக்கா.

அன்புத் தங்கை

•

ஜூன் 21

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். சமைக்கச் சோம்பல்பட்டு ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே. இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் அத்தான் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

தையல் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், நம் வீட்டில் காலேஜ் படித்தவள் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதும் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று. "டீச்சரா?" என்று கேட்டார்கள். "டீச்சருக்கே எழுதிக் குடுக்கிறவ" என்றேன். சீருடைத் துணி வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

பல் விழுந்துவிட்டது. கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்றாள். "அம்மா, எனக்கு வாய்க்குள்ள ஜன்னல் வெச்சிருக்காங்க" என்றாள். நேற்று கணக்குப் போடும்போது, "எட்டுல இருந்து மூணு போனா அஞ்சு சரி, அந்த மூணு எங்கம்மா போச்சு?" என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். நான் எங்கே போவேன் பதிலுக்கு? நீயே சொல்லு.

அன்புடன்
அக்கா

•

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். ரொட்டி தின்னவில்லை, நம்பு.

மிளகின் "அந்த மூணு எங்க போச்சு?" கழித்தல் பாட்டாகிவிட்டது! எட்டு முட்டையில் மூன்றைக் காணாமல் கோழி தேடுகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, திரைக்குப் பின்னால் இருக்கிறது, டீச்சர் பையில் இருக்கிறது என்று கத்துகிறார்களாம். மேடம் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் மேஜைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொம்மையைக் கையில் மாட்டவும் பழகுகிறேன். வாய் திறக்கக் கட்டைவிரல் கீழே இறங்க வேண்டும். மற்ற விரல்களைத் தூக்கினால் பொம்மை கூரையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்குமாம். எனக்கு இன்னும் கூரையைத்தான் பார்க்கிறது.

அத்தான் வந்துவிட்டாரா? அவர் சட்டை அளவு எழுது. இங்கே நல்ல பருத்திச் சட்டைகள் கிடைக்கின்றன. மிளகு வேறென்ன சொன்னாள்?

அன்புத் தங்கை

•

ஜூலை 19

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கடையில் சீருடை சீசன். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து எடுத்து விரல் மரத்துப்போகிறது. அதனால்தான் பதில் தாமதம்.

மிளகு இப்போது பெரிய கதை ஒன்று கட்டி வைத்திருக்கிறாள். அவள் அப்பா கப்பலில் போயிருக்கிறாராம். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் டீச்சர் என்னிடம், "கப்பல்ல என்ன வேலைம்மா உங்க வீட்டுக்காரருக்கு?" என்று கேட்கப்போய்தான் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"கப்பல்ல லைட் போடுற வேலை."

"எவ்வளவு பெரிய கப்பல்?"

"நம்ம தெரு, அடுத்த தெரு, தண்ணி டேங்க், எல்லாம் உள்ள போயிடும்."

"எப்ப வருவாராம்?"

"கடல் முடிஞ்சதும்."

நான் திட்டவில்லை.

சட்டை இப்போது வேண்டாம். உனக்கு ஏதாவது வாங்கிக்கொள்.

அன்புடன்
அக்கா

•

ஆகஸ்ட் 2

என் அக்காவுக்கு,

நலம், நலமோ? உன் விரலுக்கு ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொள்.

கடல் முடிஞ்சதும்! இதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பொம்மை தைக்கும் அக்கா, "யாருக்கும்மா லவ் லெட்டர்?" என்று கேட்டுவிட்டார்.

உனக்கும் மிளகுக்கும் ஒரு சந்தோஷச் செய்தி. வேன் போகும் பள்ளிகளின் பட்டியலில் மிளகின் பள்ளியையும் சேர்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். நானே வாய் திறந்து கேட்டேன் அக்கா! 23ஆம் தேதி வருகிறது. என்னால் வர முடியாது, நான் எழுத்து மேஜை. ஆனால் ஆட்டம் முழுக்க என்னுடையது. என்ன கதை என்று சொல்ல மாட்டேன். மிளகுக்கு மட்டும் தெரிந்த ஒன்று அதில் இருக்கிறது. கதாநாயகி ஒரு வாத்து. நடுவில் வாத்து திரைக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும். அந்த இடம் என் யோசனை. ஒத்திகையிலேயே அதற்குத்தான் கூரை பறக்கிறது.

மிளகை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சருக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறேன். அத்தான் ஊரில் இருந்தால் அவரையும் வரச் சொல்லு.

அன்புத் தங்கை

•

செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உங்கள் வேன் வந்தது. மிளகு பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா

•

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

வாத்தை ஆட்டுகிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்: "அந்தப் பள்ளிக்கூடமா? பிச்சு உதறிட்டாங்கம்மா! 'உங்க வகுப்புல என்னை மாதிரி கதை அளக்கிறவங்க யாரு?'ன்னு வாத்து கேட்டதும், மத்த ஊர்ல ஆளாளுக்கு ஒருத்தரைக் காட்டுவாங்க. அங்க அத்தனை கையும் ஒரே பொண்ணு பக்கம். முன் வரிசைதான். வாத்து கிட்டப் போயி, 'கப்பல் எங்கே?'ன்னு கேட்டுச்சு. செம சிரிப்பு."

அக்கா, அந்தக் கதை இதுதான். வாத்து, தன் அப்பா கப்பலில் போயிருக்கிறார் என்று குளத்தில் எல்லோரிடமும் அளந்துவிடுகிறது. கடைசியில் பொய் வெளிப்பட்டு வெட்கப்படுகிறது. உண்மை பேச வேண்டும் என்று பாடம். பாட்டும் நான் எழுதியதுதான்:

வாத்து வாத்து, கதை அளக்கும் வாத்து,
காட்டு காட்டு, கப்பலைக் காட்டு!

ஆட்டம் முடிந்ததும் பாட்டு அட்டையை டீச்சரிடம் கொடுத்து, ஒரு வாரம் காலையில் பாடச் சொல்வது எங்கள் வழக்கம். அதையும் செய்திருப்பார்கள்.

மிளகு தன் கதையைப் பொம்மை சொன்னால் துள்ளிக் குதிப்பாள் என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. மன்னித்துக்கொள்.

ஒன்று தோன்றுகிறது. அத்தான் ஒரு நாள் மிளகின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்த் தலையைக் காட்டினால் போதும். "இதோ அப்பா, கப்பல்லேர்ந்து வந்துட்டார்" என்று சிரித்துப் பேசிவிட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அவரிடம் கேட்டுப் பாரேன்.

தங்கை

•

செப்டம்பர் 17

தங்கச்சிக்கு,

உன் அத்தான் ஏப்ரல் மாதமே போய்விட்டார். ஒயரிங் சாமான் பையை எடுத்துக்கொண்டு, ரெண்டு நாளில் வருகிறேன் என்று போனார். போன் அணைந்து கிடக்கிறது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது கடைசிப் பரீட்சை. பிறகு வேலை கிடைத்தது. நம் வீட்டிலிருந்து ஒருத்தி மாடிப்படி ஏறி மேஜை நாற்காலியில் உட்காரப் போகிறாள், அந்த நேரத்தில் இதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நினைத்தேன். மிளகின் பேச்சை எழுதி எழுதிப் பக்கத்தை நிரப்பிவிட்டேன். உனக்கும் அதுதானே வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உன்னிடம் மறைத்தேன். கப்பல் என்று முதலில் சொன்னது மிளகு இல்லை. நான். தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா எப்பம்மா வருவார்?" என்று கேட்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல், "கப்பல்ல போயிருக்காரு, கப்பல்ல போனவங்க சீக்கிரம் வர முடியாது" என்று சொல்லிவிட்டேன். லைட் போடும் வேலை, தண்ணீர் டேங்க் எல்லாம் அவள் சேர்த்துக்கொண்டது. நான் கட்டிய பொய்க்கு அவளைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

வாத்து அவளிடம் கேட்டபோது அவள் அழவில்லையாம். "கடல்ல இருக்கு" என்று பதில் சொன்னாளாம். அதற்குத்தான் இன்னும் அதிகமாகச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள், "அம்மா, கப்பல் இருக்குல்ல?" என்று. இல்லை, அம்மாதான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். படியில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "சித்திக்கும் தெரியாதா?" என்றாள்.

நீ நன்றாகக் கவனிக்கிறவள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். சட்டை அளவு கேட்டாய், நான் எழுதவில்லை. அது உன் கண்ணில் படவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

செப்டம்பர் 24

அக்காவுக்கு,

படவில்லை. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். மிளகு பேசிய வரிகளில் மட்டும் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். நீ எழுதியதில் ஒரு கோடும் இல்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் போனேன். எல்லோரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். அந்தக் கேள்வியையும் பாட்டையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். கீழே அச்சகம் ஓடியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இருபத்தாறு பள்ளிக்கூடம் முடிச்சாச்சு. எல்லா எடத்துலயும் பிரமாதம். ஒரு எடத்துல ஒரு குழந்தை மனசு கஷ்டப்பட்டுடுச்சு. வருத்தம்தான், அதுக்காக?" என்றார்.

"எல்லா எடத்துலயும் யாராவது ஒருத்தரைக் கைகாட்டியிருப்பாங்க மேடம். எனக்குத் தெரிஞ்சது ஒருத்தி மட்டும்தான்."

வாத்தை ஆட்டுகிற அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "கை காட்டினதுல அழுத பிள்ளைங்களும் உண்டுதான்," என்று மெல்லச் சொன்னார். "நான் திரைக்குப் பின்னாடி நிக்கிறேன், துணி சன்னம். தெரியும்."

மேடம் அந்த ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். பள்ளிகளுக்குப் போன் போட்டுப் பாட்டு அட்டைகளைத் திருப்பி வாங்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆட்டத்தை எழுத என்னிடம் தரவில்லை. பரவாயில்லை.

வேன் அக்டோபரில் உங்கள் பக்கம் வருகிறது. வாத்தையே அனுப்பி, எல்லோர் முன்னாலும் மிளகிடம் மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். நான் எழுதிக் கொடுக்கிறேன். அனுப்பட்டுமா?

மிளகு சாப்பிடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா?

தங்கை

•

செப்டம்பர் 30

தங்கச்சிக்கு,

சாப்பிடுகிறோம்.

பொம்மையை அனுப்பாதே. நீ வா.

என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு விஷயம் எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் அவளைக் கேட்டுவிட்டுச் சொல். என்னைக் கேட்டால் போதாது.

அக்கா

•

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பேருந்து கிளம்பியதுமே சாப்பிட்டுவிட்டேன்.

நீ கடைக்குப் போய்விட்டதால் வகுப்பில் நடந்தது உனக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் மிளகு என் கையைவிடவே இல்லை, அவள் எதிரில் சொல்ல முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

டீச்சர் கதவைத் திறந்து, "பொம்மைக்கு வசனம் எழுதுறவங்க வந்திருக்காங்க" என்றார். நாற்பது பிள்ளைகள். அன்றுதான் என்னோடு மறுபடி பள்ளிக்கு வந்த மிளகு, கடைசி பெஞ்சில் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாத்து எங்கே?" என்றது ஒரு குரல்.

"வரல."

"ஜுரமா?"

"இல்ல. வாத்து பேசினது எல்லாம் நான் எழுதிக் குடுத்தது. அதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். யாரையாவது கைகாட்டச் சொன்னேன்ல, அது தப்பு. அந்தக் கதையும் தப்பு. விஷயம் தெரியாமயே எழுதிட்டேன்."

"அப்ப நெஜமாவே கப்பல் இருக்கா?" என்று ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் கேட்டாள். கேலியாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உண்டு என்றால் இன்னொரு பொய். இல்லை என்றால் மறுபடியும் நான் அவளைக் கைகாட்டுகிறேன். நீ எழுதியது நினைவு வந்தது. மிளகைப் பார்த்து, "சொல்லலாமா?" என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு பையோடு அப்படியே எழுந்து நின்றாள்.

"கப்பல் இல்ல. எங்க அப்பா எங்க போனாருன்னு எங்களுக்குத் தெரியல. கப்பல்னு நான்தான் நெனச்சு வெச்சேன்."

நான்தான் என்றாள் அக்கா. உன்னைச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள்.

"போலீஸ்ல சொல்லணும்."

"சுவத்துல போட்டோ ஒட்டணும்."

"எங்க பூனை காணாம போயி மூணு நாள்ல அதுவா வந்துடுச்சு."

"எங்க அப்பா பூனை இல்ல" என்றாள் மிளகு.

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ரெட்டைச் சடைக்காரி கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் பையைப் பிடித்து இழுத்து, "சரி, உக்காரு, போர்டு மறைக்குது" என்றாள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

டீச்சர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். அத்தானோடு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் சேர்ந்து போவோம். பேசுவதை நான் பேசுகிறேன். உன் விரல்களைக் கவனித்துக்கொள்.

அன்புத் தங்கை

•

அக்டோபர் 27

என் தங்கச்சிக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே மழை என்று கேள்விப்பட்டேன், ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். "நான்தான்" என்ற இடத்துக்கு வந்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். மாஸ்டர், "நூல் அறுந்துபோச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள். பாட்டை இன்னும் ஒன்றிரண்டு பேர் பாடுகிறார்களாம். "பாடட்டும், அவங்களுக்கு வேற பாட்டு தெரியல" என்கிறாள். நீ போன பிறகு முதல் இரண்டு நாள் வாசல்வரை என் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் தெருமுனையிலேயே, "நீ கடைக்குப் போ" என்று அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் போட வந்தவர் வாசலில் நின்று, "அப்பா இருக்காரா பாப்பா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தேன். என்ன சொல்லப் போகிறாளோ என்று கை அப்படியே நின்றுவிட்டது.

"இல்ல. எங்க போனாருன்னும் தெரியல. நானும் அம்மாவும்தான் இருக்கோம். சிலிண்டரை அடுப்பங்கரையில வைங்க, தரையில உருட்டாதீங்க."

அந்த மனிதர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆறு மாதமாக அந்தக் கேள்விக்கு நான் தினமும் ஒரு பதில் தயார் பண்ணி வைத்துக்கொண்டு வெளியே போவேன். இந்தப் பதில் எனக்குத் தோன்றவே இல்லை.

இதைச் சித்திக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தாள்.

"சித்திகிட்ட சொல்லு. வாத்துகிட்ட சொல்லாத" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

அன்புடன்
அக்கா